கைரேகை மன்னரும் கை சுத்தமான ஏட்டுகளும்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எங்கள் தெரு ரேஷன் கடை. "துவரம் பருப்பு வந்திருக்கு" என்று யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஏழே நிமிஷத்தில் க்யூ தெருமுனை தாண்டிவிட்டது. எனக்கு முன்னால் நிற்பவர் ரிடையர்டு ஏட்டையா. எழுபத்தாறு வயது, வெள்ளை மீசை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெஷினில் கட்டை விரலை வைத்தார். மெஷின் 'பீப்' என்றது. அது சந்தோஷ 'பீப்' இல்லை.

"மேட்ச் ஆகலை தாத்தா. வேட்டியில துடைச்சுட்டு வைங்க."

துடைத்தார், வைத்தார். ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை, வலது கை என்று ஒரு சுற்று வந்தார். பத்து விரல்களும் ஒற்றுமையாக 'நான் அவன் இல்லை' என்றன.

ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "சர்வீஸ்ல எத்தனை திருடன் விரலை மையில உருட்டி எடுத்திருப்பேன் தெரியுமா தம்பி? அவனுங்க ரேகையெல்லாம் இன்னிக்கும் ரெக்கார்டுல பத்திரமா இருக்கு. என் விரல்தான் என்னை யாருன்னு கேக்குது."

சிரித்தார். நான்தான் சிரிக்காமல் யோசித்தேன், ஏனென்றால் இந்த விரல் விவகாரத்தை உலகத்தின் தலையில் கட்டிய புண்ணியவானின் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கதையில் விரல்களைவிட சுவாரசியமானவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். இரண்டு பேருமே தப்பு செய்யாமல் மாட்டிக்கொண்டவர்கள். புண்ணியவானோ, அந்த இரண்டு பேருக்கும் மேலதிகாரி!

புண்ணியவான் பெயர் சர் எட்வர்ட் ஹென்றி. லண்டன்காரர். 1873-ல் ஐ.சி.எஸ். ஆகி இந்தியா வந்து, 1891-ல் வங்காள மாகாணத்தின் போலீஸ் ஐ.ஜி. ஆனவர். அந்தக் கால வங்காளம் என்றால் பீகாரும் சேர்த்து. குற்றவாளிகளின் கைரேகையை வகை பிரித்து அடுக்குகிற 'ஹென்றி முறை' இவர் பெயரில்தான் உலகம் சுற்றியது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே ஒரு ஆபீஸ் திறந்தார்கள். ஸ்காட்லாண்ட் யார்டுக்கே அந்த யோசனை அப்புறம்தான் வந்தது. பார்த்தீர்களா, நம் ஊரில் கண்டுபிடித்து வெள்ளைக்காரனுக்கு ஏற்றுமதி!

அவசரப்பட்டு நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். 'நம் ஊரில்' என்றேனே தவிர, 'ஹென்றி கண்டுபிடித்தார்' என்று நான் சொல்லவில்லை. கணக்கில் புலியான ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் வேலை பார்த்தார். பெயர் அஜீஸுல் ஹக், படித்தது கல்கத்தா பிரசிடென்சி காலேஜ். ரேகையின் வட்டத்தையும் வளைவையும் எண்களாக்கி, 32-ஐ 32-ஆல் பெருக்கி, 1,024 அறைகளில் யாருடைய பத்து விரல் ரேகையையும் போட்டு எடுக்கிற சூத்திரம் அவர் மூளையில் உதித்தது. கூடவே ஹேம் சந்திர போஸ் என்று இன்னொருவர். 1900-ல் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரே பெயர்: ஹென்றி.

நியாயமாகப் பேசுவோம், மனிதர் மோசமில்லை. பல வருஷம் கழித்து, ரிடையர் ஆகி சாவகாசமாக உட்கார்ந்திருந்த காலத்தில், "என் ஆட்களில் ஹக் பங்குதான் பெரிசு" என்கிற பொருளில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஹக்குக்கு 'கான் பகதூர்' பட்டமும் 5,000 ரூபாயும் கிடைத்தன. ஆபீஸில் நாம் தயாரித்த பவர்பாயிண்டை மேனேஜர் தன் பெயரில் காட்டி ப்ரமோஷன் வாங்கிவிட்டு, அவர் ஃபேர்வெல் பார்ட்டியில் நம்மை மேடைக்குக் கூப்பிடுவாரே, அந்த மாதிரி. முறைக்குப் பெயர் இன்றைக்கும் 'ஹென்றி முறை'தான்.

இப்போது 1899-க்கு வாருங்கள். அந்த வருஷம் ஹென்றி இங்கிலாந்தின் டோவர் நகரத்தில், பெரிய பெரிய விஞ்ஞானிகள் முன்னால், இந்தியாவில் குற்றவாளிகளைக் கைரேகையால் பிடிப்பது எப்படி என்று கட்டுரை வாசித்தார். அதே வருஷம் அவருடைய மாகாணத்தில், பீகாரின் சாரண் ஜில்லா சாப்ராவில், அவருடைய போலீஸ்காரர் ஒருவர் குற்றவாளி ஆனார். கைரேகை எதுவும் தேவைப்படவில்லை. கை போதுமானதாக இருந்தது.

அந்த கான்ஸ்டபிள் பெயர் நர்சிங் சிங். இரண்டு துரைமார் வந்தார்கள். ஒருவர் ஜில்லா இன்ஜினியர் சிம்கின்ஸ். இன்னொருவர் போலீஸ் அதிகாரி கார்பெட். (புலி வேட்டை கார்பெட் இல்லை. அவர் வேட்டையாடியது திருப்பித் தாக்கக்கூடிய மிருகங்களை.) ஊர்க்காரர்களைப் பிடித்துக் கூலி இல்லாமல் வேலை வாங்கித் தரவேண்டும் என்பது துரைமார் விருப்பம். வெட்டி வேலை, இலவச சர்வீஸ். சாதாரணமாக ஒரு கான்ஸ்டபிள் என்ன செய்வார்? லத்தியைச் சுழற்றி நாலு பேரை இழுத்து வந்து சலாம் போடுவார். நர்சிங் சிங் 'அது முறையில்லை' என்றார்.

1899-ல், ஒரு கான்ஸ்டபிள், இரண்டு துரைகளிடம், 'முறையில்லை' என்று! எனக்கு ஆச்சரியமாக இருப்பது அதற்குப் பிறகு அவர் அடி வாங்கியது இல்லை. அந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான்.

அடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் அடித்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடி வாங்கியவன் நல்லவனாக இருந்தால், அடித்தவன் யார் என்ற கேள்வி வரும். ஆகவே அடி வாங்கியவனே குற்றவாளி ஆகவேண்டும். வடிவேலு காமெடியில் இதெல்லாம் பார்த்திருக்கிறீர்கள், என்ன, அங்கே பின்னணி இசை இருக்கும். சாப்ராவில் இருந்தது மாஜிஸ்திரேட் கோர்ட். நர்சிங் சிங்குக்கு இரண்டு மாதம் ஜெயில்.

நர்சிங் சிங் அப்பீல் செய்தார். அப்பீலை விசாரித்த ஜில்லா ஜட்ஜ் ஆப்ரே பென்னல். இவரும் வெள்ளைக்காரர்தான், இவரும் ஐ.சி.எஸ்.தான், ஆனால் ஏதோ உற்பத்திக் கோளாறில் இவருக்கு வாயை மூடும் பட்டன் வைக்க மறந்துவிட்டார்கள். துரைமாரைச் சாட்சிக் கூண்டுக்கு வரவழைத்தார். கான்ஸ்டபிளை விடுதலை செய்தார். அதோடு நிறுத்தாமல், ஜில்லா அதிகாரிகள் இந்த வழக்கை எப்படி ஜோடித்தார்கள் என்று தீர்ப்பிலேயே விலாவாரியாகத் துவைத்துத் தொங்கவிட்டார். கல்கத்தா பத்திரிகைகளுக்கு தீபாவளி. சர்க்காருக்கு வயிற்றெரிச்சல்.

விளைவு? உங்களுக்கே தெரியும். அதிகாரி கோபம் வந்தால் நம் ஊரில் என்ன சொல்வோம்? "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்!" பென்னலை நவகாளிக்கு மாற்றினார்கள். பாவம், அவசரத்தில் பூகோளத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நவகாளி முழுக்கத் தண்ணீர்தான்.

பென்னல் அங்கேயும் திருந்தவில்லை. 1901-ல் ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லிவிட்டு, கையோடு ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்ட் ரைலியைப் பொய் சாட்சி சொன்னதற்காகப் பிடித்து உள்ளே வை என்று உத்தரவு போட்டார். இந்தத் தடவை சர்க்கார் டிரான்ஸ்ஃபரோடு நிறுத்தவில்லை. சஸ்பெண்ட்! நர்சிங் சிங்கின் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைத்த கைக்கு உத்தியோகமே போயிற்று.

இது ஏதோ இங்கிலீஷ்காரன் இந்தியாவில் மட்டும் செய்த லூட்டி என்று நினைக்காதீர்கள். அதே 1899-ல், பிரான்ஸின் ரென் நகரத்தில் உலகப் புகழ்பெற்ற ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ராணுவ கேப்டன் டிரைஃபஸ் ஜெர்மனிக்கு உளவு சொன்னார் என்று 1894-ல் தண்டித்துத் தீவாந்தரம் அனுப்பியிருந்தார்கள். சாட்சி ஒரு துண்டுக் காகிதம். அதிலிருந்தது அவர் கையெழுத்தே இல்லை. அப்போது நிபுணராக வந்து நின்றவர் பாரிஸ் போலீஸின் பெர்த்திலோன். தலை நீளம், காது நீளம் அளந்து குற்றவாளியைக் கண்டுபிடிக்கிற முறையின் தந்தை, அதாவது ஹென்றியின் தொழில் போட்டியாளர்.

பெர்த்திலோன் சொன்ன விளக்கத்தை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. கையெழுத்து டிரைஃபஸுடையது மாதிரி இருந்தால், அவர்தான் எழுதினார். மாதிரி இல்லாவிட்டால், பிறகு தப்பிப்பதற்காகத் தன் கையெழுத்தைத் தானே போலியாகப் போட்டு அவர்தான் எழுதினார். ஆக, ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். ஜாதகம் பார்ப்பவர்கூட இரண்டில் ஒரு பரிகாரம் சொல்வார்.

மறு விசாரணையிலும் டிரைஃபஸ் குற்றவாளிதான், ஆனால் 'தணிக்கும் காரணங்களோடு' என்றது ராணுவக் கோர்ட். தேசத்துரோகத்தில் அது என்ன கொஞ்சூண்டு துரோகம்? பத்தே நாளில் ஜனாதிபதி அவரை மன்னித்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு! 1906-ல்தான் குற்றமற்றவர் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. பாக்கியிருந்த பதவி உயர்வை பிரெஞ்சு நாடாளுமன்றம் 2025-ல் கொடுத்தது. அவர் செத்து 90 வருஷம் ஆகியிருந்தது. ஃபைல் நகர்கிற வேகத்தில் நம் தாலுகா ஆபீஸ் ஒன்றும் மோசமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு ஆறுதல் வந்தது.

சரி, நம் ஹென்றிக்கு என்ன ஆயிற்று? சாப்ராவில் ஒரு கான்ஸ்டபிள் பட்ட அடி லண்டன் வரை கேட்குமா? கேட்கவில்லை. கைரேகைப் புகழோடு ஸ்காட்லாண்ட் யார்டு போனார். 1903-ல் லண்டன் மாநகரப் போலீஸின் கமிஷனரே ஆகிவிட்டார். நாற்காலி சொகுசாக இருந்தது, ஜான் சைம் வரும்வரை.

சைம் ஸ்காட்லாந்துக்காரர், இன்ஸ்பெக்டர். 1909-ல் அவர் ஸ்டேஷன் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர், ராத்திரியில் இரண்டு கனவான்களைப் பிடித்து வந்துவிட்டார்கள். கனவான் என்று தெரிந்ததும் மேலிடம் பதறியது: "பசங்க ஓவர் ஆர்வக்கோளாறு!" பழி பசங்கள் மேல். சைம், "என் ஆட்கள் நேர்மையாகத்தான் வேலை பார்த்தார்கள்" என்றார். இதோ, இன்னொரு 'முறையில்லை'! அவரை இடம் மாற்றினார்கள், பதவி இறக்கினார்கள். "என் எம்.பி.யிடம் போவேன்" என்றார். 1910 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? நாலு நாள் புலம்பிவிட்டு செக்யூரிட்டி ஏஜென்சி ஆரம்பிப்போம். சைம் போரை ஆரம்பித்தார். கடிதம், துண்டுப் பிரசுரம், மேலதிகாரிகள் மேல் அவதூறு, மிரட்டல், ஜெயில். வெளியே வந்தால் மறுபடி கடிதம், மறுபடி ஜெயில். உள்ளே உண்ணாவிரதம். தப்பு செய்யாதவராக வேலையை இழந்தவர், 'நான் தப்பு செய்யவில்லை' என்று சொல்லிச் சொல்லியே நிஜமான தண்டனைகளைச் சேர்த்துவிட்டார். அசலைவிட வட்டி பெரிசு.

இங்கேதான் ஹென்றியின் வாழ்க்கையிலேயே அழகான காட்சி வருகிறது. 1912 நவம்பரில், வண்டி ஓட்ட லைசென்ஸ் தரவில்லை என்ற ஆத்திரத்தில் ஓர் இளைஞன், ஹென்றியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டான். குண்டு பாய்ந்தும் பிழைத்தார். கோர்ட்டில் என்ன சொன்னார் தெரியுமா? அவனுக்குக் கருணை காட்டுங்கள் என்றார். பத்து வருஷம் ஜெயிலில் இருந்து அவன் வெளியே வந்தபோது, கனடா போய்ப் புது வாழ்க்கை தொடங்கக் கப்பல் டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்தார். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

ஆனால் சைம்? சைம் ஹென்றியைச் சுடவில்லை. 'நீங்கள் செய்தது தப்பு' என்று மட்டும்தான் சொன்னார். அதுவும் சரியாகச் சொன்னார். அதற்கெல்லாம் எப்படி மன்னிப்பு கிடைக்கும்?

சைம் 1913-ல் போலீஸ்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். போலீஸுக்குச் சங்கமா என்று ஹென்றி சிரித்திருக்கலாம். அதிகக் காலம் சிரிக்க முடியவில்லை. 1918 ஆகஸ்ட் 30-ம் தேதி, உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டன் போலீஸில் சுமார் 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கமிஷனர் ஊரில் இல்லை, லீவு. திரும்பி ஓடிவந்தவர் அடுத்த நாளே ராஜினாமா செய்தார். ஒரே ஒரு இன்ஸ்பெக்டரை வீட்டுக்கு அனுப்பியதில் தொடங்கியது, கடைசியில் கமிஷனரை வீட்டுக்கு அனுப்பி முடிந்தது.

சைம் வெற்றி ஊர்வலம் போயிருப்பார் என்று பார்க்கிறீர்களா? அதுதான் இல்லை. 'இந்த ஆள் ரொம்பப் பிடிவாதம், கூட வைத்துக்கொண்டால் தலைவலி' என்று, அவர் பெற்ற சங்கமே அவரை ஏற்கனவே கழற்றிவிட்டிருந்தது. நியாயம் கேட்பவனுடன் நாலு நாள் குடித்தனம் நடத்துவது சுலபமில்லை. நர்சிங் சிங்கின் மனைவியையும் சைமின் மனைவியையும் யாராவது பேட்டி எடுத்திருந்தால் வரலாறு இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

1924-ல் சைம் விவகாரத்துக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். ஜட்ஜ், 'டிஸ்மிஸ் செய்தது சரிதான்' என்றார். 1931-ல் அரசாங்கம் சைமுக்குப் பழைய ஓய்வூதியப் பாக்கி என்று சுமார் 1,200 பவுன் கொடுத்தது. கவனியுங்கள்: டிஸ்மிஸ் சரி, அதனால் பென்ஷன். இதுவும் பெர்த்திலோன் லாஜிக்தான். பணம் தருவார்கள், 'தப்பு எங்கள் மேல்' என்ற ஒரு வரியை மட்டும் தரமாட்டார்கள். அந்த வரிதான் கஜானாவிலேயே விலை அதிகமான பொருள்.

இந்தக் கதையை ஒரு நாள் ஏட்டையாவுக்கு டீக்கடையில் வைத்துச் சொன்னேன். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டார். "எனக்கும் ஒரு த்ரீ-பி வந்துச்சு தம்பி."

த்ரீ-பி என்றால் போலீஸ்காரர்களுக்கு உடனே வயிறு கலங்கும். இலாகா விதியின் அந்தப் பிரிவில் சார்ஜ் மெமோ வந்தால், பெரிய தண்டனை வரைக்கும் போகும். எந்த ஸ்டேஷன், யார் அதிகாரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டச் சொன்னார்களாம். "பாராவுக்கு வந்தவன், நாய்க்கு வரல" என்றிருக்கிறார். ஒரு வாரத்தில் மெமோ: இரவு பாராவில் இல்லை. பார்த்த சாட்சி யார்? "நாய்தான் பார்த்திருக்கணும். அதைக் கூப்பிட்டிருந்தா எனக்குச் சாதகமாத்தான் சொல்லியிருக்கும்."

"விசாரணையில அந்த ஆபீஸர் என் மூஞ்சியை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கல தம்பி. ஃபைலைப் பார்த்தே கேட்டார், ஃபைலைப் பார்த்தே எழுதிட்டார்." மூன்று வருஷ இன்க்ரிமென்ட் கட். கோர்ட்டுக்குப் போனார். பதினாலு வருஷம். ஜெயித்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாதது விதிமீறல், ஆகவே தண்டனை ரத்து. பாக்கித் தொகையும் வந்தது. ஆர்டரை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். நாலு பக்கம். "எல்லாம் இருக்கு. இவன் அன்னிக்கு ராத்திரி பாராவுலதான் நின்னான்னு ஒரு வரி மட்டும் இல்ல." சைம் லண்டனில் கேட்ட அதே வரி.

வேடிக்கை என்னவென்றால், போலீஸ்காரரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாட்டில் 1979-லேயே ஒழித்துவிட்டோம். அரசாணை இருக்கிறது. ஒழித்து 43 வருஷம் ஆன பிறகு, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம், 'நாலு மாதத்துக்குள் ஒழியுங்கள்' என்றது. ஒழிந்ததை எப்படி மறுபடி ஒழிப்பது? நர்சிங் சிங் ஆத்மாவைக் கேட்கலாம். அவர் 1899-லேயே ஒரு வார்த்தையில் ஒழித்துக் காட்டினார், இரண்டு மாத ஜெயில் செலவில்.

அதே 2022-ன் ஜனவரி 1-ம் தேதி எங்களுக்கென்று ஆவடி போலீஸ் கமிஷனரகம் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதன் கீழ். திறந்த அன்றைக்கு ஏட்டையா எனக்கு போன் பண்ணி, "நம்ம ஏரியாவுக்கே தனி கமிஷனர் தம்பி" என்றார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. இலாகா அவரைப் பதினாலு வருஷம் அலையவிட்டது. அவருக்கு அது இன்னமும் 'நம்ம டிபார்ட்மென்ட்'. சைமும் கடைசிவரை போலீஸைத் திட்டினாரே தவிர, தான் போலீஸ் இல்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. டைவர்ஸ் நோட்டீஸைக்கூட லேமினேட் பண்ணி வைக்கும்.

ரேஷன் கடைக்குத் திரும்புவோம். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அஜீஸுல் ஹக்கின் 1,024 அறைகளில் ஒன்றுகூட ஏட்டையாவுக்குக் கதவு திறக்கவில்லை. விற்பனையாளர் பெண் பெருமூச்சு விட்டு, டிராயரிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தாள். கருவிழி பார்க்கிற கருவி.

"தாத்தா, கண்ணாடியைக் கழட்டிட்டு நேரா பாருங்க. இமைக்காதீங்க."

ஏட்டையா அட்டென்ஷனில் நின்று பார்த்தார். ஒரே விநாடி. பெயர், முகவரி, கார்டு எண், குடும்பத்தில் எத்தனை பேர், எல்லாம் திரையில் வந்து விழுந்தன.

"பார்த்தியா தம்பி! கண்ணைப் பார்த்தா ஒரு செகண்ட்ல முடிஞ்சுடுது. அதை விட்டுட்டு..." முகம் மலர்ந்து பையை விரித்து நீட்டினார்.

அந்தப் பெண் தராசைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பருப்பு ஸ்டாக் முடிஞ்சிடுச்சு தாத்தா."